அந்தப் பெட்டியை வாளியடியில் வை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ மீன்தலையைத் தொடாமல் எழும்பிவிட்டாய். உன் வாழ்க்கையில் மீன்தலையை மிச்சம் வைத்தது இது மூன்றாம் தரம். முதல் தரம் பள்ளிக்கூடத்து ஓ.எல். சோதனைக்கு முதல் நாள். இரண்டாம் தரம் அப்பாவை அடக்கம் செய்த கிழமை. உனக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கிறது. நல்லதையும் கெட்டதையும் நான் மறப்பதில்லை என்று எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கை முழுக்கத் தெரியும். அப்படிப்பட்ட நான் ஒரு காரியத்தை மட்டும் மறந்தவள்போல முப்பது வருஷத்துக்கு மேலாக நடித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதம் அதற்காகத்தான்.

கை கழுவிக்கொண்டே நீ சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியது. ஆஸ்பத்திரி வாட்டுகளில் கிருமிநாசினியின் ஆவி காற்றில் எவ்வளவு இருக்கலாம் என்று உன் அரசாங்கக் கந்தோர் ஒரு விதி எழுதப்போகிறது. எழுதுகிற பொறுப்பு உன் தலையில். டொக்டர்மார் ஒரு பக்கம் நின்று, மருந்தைக் குறைத்தால் புண் எல்லாம் பழுக்கும் என்கிறார்கள். உன் கந்தோர்க்காரர் மறுபக்கம் நின்று, அந்த ஆவி நெஞ்சைத் தின்னும் என்கிறார்கள். "அம்மா, ரெண்டு பகுதியும் சரியாத்தான் கதைக்கினம். அதுதான் எனக்குத் தலையிடி. வர்ற வியாழக்கிழமை நான் ஏதோ ஒண்டை எழுதிக் குடுக்க வேணும். பிழையா எழுதினா ஆரோ ஒரு பகுதி சாகும்" என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீங்கள் இருபத்தாறு வருஷம் வாட் கழுவினனீங்கள். என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோவன்" என்றாய். "என்னத்தைச் சொல்ல, கழுவினனாங்கள்" என்று சொல்லிவிட்டு நான் தண்ணீர் எடுக்கப் போனேன். குடத்தில் தண்ணீர் இருந்தது. உனக்கும் அது தெரிந்திருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். உன் மகளின் கொப்பியில் கடைசிப் பக்கங்களைக் கேட்டு வாங்கி எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அவள் பார்த்துத் தருவாள். அவள் வாசித்தால் வாசிக்கட்டும். வியாழக்கிழமை உன் கூட்டத்தில் இருக்கிறவர்களும் வாசிக்கட்டும். ஒளித்து வைத்திருக்கிற வயதெல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் காலத்தில் வாட் சுத்தமா இல்லையா என்பதை மூக்குத்தான் தீர்மானித்தது. மேட்ரன் நிலத்தைக் குனிந்து பார்த்து நான் கண்டதே இல்லை. வாசலில் நின்று மூக்கால் ஒரு இழுவை இழுப்பா. கண் கொஞ்சம் கலங்கினால்தான் அவவுக்குத் திருப்தி. வருத்தக்காரரைப் பார்க்க வருகிற சொந்தக்காரரும் அப்படித்தான், "ஆ, நல்ல ஆஸ்பத்திரி, என்னமா மணக்குது" என்பார்கள். ஒரு வாளி தண்ணீருக்கு ஒரு தகரப் பேணி குளோரின் பவுடர், தலைதட்டி எடுக்க வேண்டும் என்பதுதான் அளவு. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் மேட்ரன் என்னைப் பார்த்து, "பக்கத்து வாட் மணக்குற மாதிரி உன்ர வாட் மணக்கேல்லையே, தண்ணியால மட்டும் கழுவினியா?" என்று கேட்டா. ஒரு செவ்வாய்க்கிழமை. நீலக்கரைச் சட்டை போட்டிருந்தா. அன்றைக்குப் பிறகு நான் பேணியைத் தலைதட்டவில்லை. குவித்து அள்ளினேன். பிறகு இரண்டு பேணி. ஆறு மாதத்தில் என் வாட்டின் மணம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. எனக்கு அது ஒரு பெருமை. அந்த மனிசியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் அள்ளின கை என்னுடையது.

பவுடர் கலக்குவதற்கு ஒரு குச்சறை இருந்தது. யன்னல் இல்லை, காற்றாடி இல்லை, கதவு மட்டும். நானும் சீலா அக்காவும் அங்கே நின்று கலக்குவோம். களனியில் இருந்து வருகிற சிங்கள மனிசி, ஒவ்வொரு வெசாக்குக்கும் நமக்குக் கொக்கிஸ் பலகாரம் அனுப்புகிறாவே, அவதான். பெரிய டொக்டர் பார்வையிட வருகிறார் என்று ஒருநாள் மலகூடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றார்கள். நான் அதிபுத்திசாலி. பவுடர் கலந்த வாளிக்குள்ளேயே மலகூடம் கழுவுகிற அசிட்டையும் ஊற்றினேன். இரண்டும் வெள்ளையாக்குகிற சாமான், சேர்த்தால் இரட்டிப்பு வெள்ளை என்று என் கணக்கு. வாளியில் இருந்து மஞ்சளாக ஒன்று எழும்பியது. நெஞ்சுக்குள் கத்தி இறக்கினதுபோல் இருந்தது. "நங்கி, எளியட்ட என்ன!" தங்கச்சி, வெளியே வா என்று கத்திக்கொண்டு சீலா அக்கா உள்ளே பாய்ந்து என்னை இழுத்து வெளியே போட்டா. எனக்கு இரண்டு நாளில் சுகம். அவவுக்கு மூன்று மாதம் இருமல், பிறகு துணி மடிக்கிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். போத்தல் தவறி விழுந்தது என்று நான் மேட்ரனிடம் சொன்னேன். சீலா அக்கா என்னைப் பார்த்தா, காட்டிக்கொடுக்கவில்லை. போன வெசாக்குக்கும் போனில் கேட்டா, "நங்கி, இப்ப என்ன கலக்குறாய், தேயிலையா, இல்ல வேற ஏதுமா?" என்று. நான் சிரித்தேன். அவவும் சிரித்தா, சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, அப்போ மருந்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்று நீ எழுதிவிடாதே. குறைத்ததையும் நான் பார்த்திருக்கிறேன். சல்லி கட்டித் தங்குகிற அறையில் ஒரு பெரிய மனிதரின் மனைவிக்கு மணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று முறைப்பாடு வந்தது. அடுத்த கிழமையே எல்லா வாட்டுக்கும் பவுடர் அரைவாசி, அதற்கு மேல் எலுமிச்சம்பழ மணத்தில் ஒரு பச்சைத் தண்ணீர். வாட் முழுக்க மாப்பிள்ளை வீடு மாதிரி வாசம். எல்லோருக்கும் சந்தோஷம். கிருமிக்கும் சந்தோஷம். ஒன்றரை மாதம் போகவில்லை, வெட்டின புண்கள் ஒவ்வொன்றாகப் பழுக்கத் தொடங்கின. ஜிந்துப்பிட்டியில் இருந்து வந்த ஒரு பிள்ளை, தலைப்பிரசவம், வயிற்றில் போட்ட தையல் விட்டுவிட்டது. கைக்குழந்தையை அவளின் தாய்க்காரி வெளியே வாங்குப் பலகையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க இருப்பா. குழந்தை அழும் சத்தம் உள்ளே கேட்கும், இவள் எழும்ப முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். கடைசியில் சுகமாகித்தான் போனாள். ஆனால் குழந்தை பிறந்தவுடன் கையில் வைத்திருக்க வேண்டிய நாட்களை அவளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது? நான் கழுவின நிலம் அது.

அதற்குப் பிறகுதான் புதிதாக ஒரு தாதி மிஸ் வந்தா. சின்ன உருவம், காலி ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, தமிழ் பாதி சிங்களம் பாதி. எங்களை வரிசையில் நிற்கவைத்து, "அக்காமாரே, எவ்வளவு நேரம் ஈரமா விடுறீங்க?" என்று கேட்டா. எங்களுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ஊற்றின கையோடு துடைப்பதுதானே வழக்கம், கட்டில் தள்ள ஆள் நிற்பான். அவ சொல்லித்தந்தா: முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அழுக்கை எடு, பிறகு தலைதட்டின ஒரு பேணி, அதற்கு மேல் ஒரு சிட்டிகையும் வேண்டாம், பத்து நிமிஷம் ஈரமாகவே கிடக்கட்டும், யன்னல் எல்லாம் திறந்திருக்கட்டும். அப்படிச் செய்தோம். குவித்து அள்ளின காலத்தைவிட மணம் அரைவாசிக்கும் கீழே போனது. புண்களும் ஆறின. மேட்ரன் வாசலில் நின்று மூக்கை இழுத்துவிட்டு, "இண்டைக்குக் கழுவேல்லையா?" என்று கேட்டா. "கழுவினது மேடம், குனிஞ்சு பாருங்க" என்று அந்தச் சின்ன மிஸ் சொன்னா பார், அந்த ஒரு வசனத்துக்காகவே அவவின் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் இன்றைக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

இனி உனக்குச் சொல்லாதது.

உனக்கு ஆறு வயது. நம் வீட்டில் முன்னறை நம்முடையது, பின்னறை உன் மாமியுடையது. அப்பாவின் அக்கா, கல்யாணம் கட்டாதவ, சட்டை தைத்து வாழ்ந்தவ. ஒவ்வொரு பின்னேரமும் செபம் சொல்ல முதல் ஒரு சிரட்டைக் கரியில் சாம்பிராணி போடுவா. உனக்கு முட்டு வருத்தம். விடியும் நேரத்தில் நெஞ்சு கிடந்து இழுக்கும். உதடு நீலமாகும். அப்பா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார். அந்த இழுவைச் சத்தத்தைக் கேட்கிற எந்தத் தாய்க்கும் யாரையாவது குற்றம் சொல்லாமல் இருக்க முடியாது. நான் மாமியைச் சொன்னேன்.

"மச்சாள், உங்கட புகைதான் என்ர பிள்ளையைக் கொல்லுது."

"என்ர அம்மா போட்டது, அவவின்ர அம்மா போட்டது. உன்ர புருஷன் இந்தப் புகைக்குள்ளதான் வளர்ந்தவன். அவனுக்கு முட்டே இழுத்தது?"

"அப்ப என்ர பிள்ளை பொய்க்கு இழுக்கிறானோ?"

"நான் அப்பிடிச் சொன்னனானே? உன்ர அந்த வாளியைத் தூக்கி வெளியில வை எண்டுதான் சொல்லுறன். எனக்கே கண் எரியுது."

"ஆஸ்பத்திரியில போடுற மருந்து அது. உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கள் பிள்ளை பெத்தனீங்களே?"

கடைசி வசனம் என் வாயில் இருந்து வந்தது. திருப்பி எடுக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை மாமி தையல் மெசினை ஒரு திரீவீலில் ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போய்விட்டா.

வாளி என்று அவ சொன்னது இதுதான். வாட்டில் இருந்து மாப்பேணி ஒன்றில் குளோரின் பவுடரை வீட்டுக்குக் கொண்டுவருவேன். களவுதான், வேறு பெயர் இல்லை. துறைமுகத்து லொறித் தூசி வரும் என்று யன்னலைப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு பின்னேரமும் முன்னறையைக் குவித்த பேணியால் கழுவுவேன். வாட்டைவிட என் வீடு மணக்க வேண்டும். அந்த ஈரம் காய முதலே, அதே நிலத்தில், பாயைப் போட்டு உன்னைப் படுக்கவைப்பேன். கிருமி அண்டாத இடத்தில் என் பிள்ளை படுக்கிறான் என்று நினைத்துக்கொண்டு.

மாமி போன பிறகும் உனக்கு இழுத்தது. அடுத்த வருஷம் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து மூன்று கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டை அப்பா பார்த்தார், கூட்டித் தண்ணீரால் துடைத்தாராம். அந்த மூன்று கிழமையும் உனக்கு ஒருதரம்கூட இழுக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குள் ஏதோ ஒரு பழைய புகை வாசம். நான் இல்லாத நேரம் பார்த்துச் சுருட்டுக் குடித்தீரோ என்று அப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மனிசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. நான் யன்னலைப் பூட்டி, வாளியை எடுத்து, வீடு முழுக்கக் கழுவினேன். விடிய உனக்கு இழுத்தது. உன் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். மூலையில் வாளி இருந்தது. அது காய்ந்து கிடந்த மூன்று கிழமையும் உனக்கு இழுக்கவில்லை.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, மகன்.

பவுடர்ப் பேணியை அடுத்தநாளே வெளியில் வைத்தேன். யன்னலைத் திறந்தேன். பாயை எடுத்துவிட்டுக் கட்டில் வாங்கினோம். வருத்தம் அடியோடு போகவில்லை, ஆனால் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற விடியற்காலைகள் நின்றன. அப்பா கேட்டார், "அக்காவைப் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டோ?" என்று. "அவ போனதாலதான் பிள்ளைக்குச் சுகம். கதையை விடுங்கோ" என்றேன். சீலா அக்காவின் போத்தல் பொய்யை விட இது பெரிய பொய். அப்பாவின் சவப்பெட்டிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மாமியும் நின்ற நாளில்கூட அவவோடு கதைக்கவில்லை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் நீ எனக்குத் தெரியாமல் வெள்ளவத்தைக்குப் போவாய். உன் சேர்ட்டில் சாம்பிராணி மணக்கும். எதுவும் கேட்காமல் துவைத்துப் போட்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. வீட்டில் யன்னலைத் திறந்த நான், பவுடரை அரைவாசியாக்கச் சொல்கிற வரைக்கும் வாட்டில் குவித்துத்தான் அள்ளினேன். மேட்ரனுக்கு மணம் வேண்டும். வாட்டில் மூச்சுத் திணறிக் கிடந்தவர்கள் என் பிள்ளைகள் இல்லை. அவ்வளவுதான் காரணம்.

ஆகையால் உன் விதிக்கு வருகிறேன். காற்றில் மருந்தின் ஆவியை அளக்கிற உங்கள் பெட்டியை வாட்டில் எங்கே வைத்தீர்கள் என்று அன்று நீ புறப்படும்போது கேட்டேன். வருத்தக்காரரின் கட்டிலடியில், காலை பத்து மணிக்கு என்றாய். வாட் கழுவுவது விடிய ஐந்து மணிக்கு, மகன். பத்து மணிக்கு மணம் வந்த ஆட்களோடு கதைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும். அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வாளியடியில் வை. பவுடர் கலக்குகிற குச்சறையில், ஐந்து மணிக்கு, வாளிக்குப் பக்கத்தில் நிற்கிற மனிசியின் மூக்குக்கு நேரே வை. அங்கே என்ன காட்டுகிறதோ அதுதான் உண்மை. மருந்தைக் குறை என்று எழுதாதே, தாராளமாக ஊற்று என்றும் எழுதாதே. அளவுப் பேணி தலைதட்டி இருக்க வேண்டும், பத்து நிமிஷம் ஈரமாகக் கிடக்கக் கட்டில் தள்ளுகிறவன் பொறுக்க வேண்டும் என்று எழுது. கலக்குகிற அறைக்கு யன்னல் இல்லாவிட்டால் காற்றை வெளியில் இழுக்கிற காற்றாடி பூட்ட வேண்டும். இப்போது எல்லா வாட்டும் ஏசி, யன்னலைத் திறக்க ஏலாது என்பார்கள். அப்படியானால் காற்று எந்த வழியால் போகிறது என்று கேட்டு எழுது. மணம் இல்லை என்பதற்காகக் கழுவுகிறவளை ஒருவரும் ஏசக் கூடாது என்றும் ஒரு வரி போடு. அது சட்டத்தில் எழுதுகிற விஷயம் இல்லை என்று உன் பெரியவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் இரண்டாவது பேணியை அள்ளினது அந்த ஏச்சுக்காகத்தான்.

இவ்வளவும் எழுதிவிட்டு இரண்டு நாள் கொப்பியை மூடி வைத்திருந்தேன். மாமிக்குச் சொல்லாமல் ஊருக்குச் சொல்வது சரியில்லை என்று மனது சொன்னது. நேற்று பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனேன். கடற்கரைப் பக்கம் நாலாம் மாடி. மணியை அடித்தேன்.

"ஆரது?"

"நான்தான் மச்சாள்."

கதவு கொஞ்சம் பொறுத்துத்தான் திறந்தது. மெலிந்துபோய் இருக்கிறா. கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா. "நரைச்சுப் போனாய். உள்ளுக்கு வா, மின்விசிறிக் காத்து வீணாப் போகுது." நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். வாளி, பவுடர், பூட்டின யன்னல், நெருப்புக் காய்ச்சல், அப்பாவிடம் சொன்ன பொய், பிள்ளை பெறவில்லை என்று சொன்ன அந்த வாய். அவ ஒரு சட்டைக்குத் தெறி தைத்துக்கொண்டே கேட்டா. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "தெரியும்" என்றா.

"எப்பிடித் தெரியும்?"

"நீ ஆஸ்பத்திரியில கிடந்த மூண்டு கிழமையும் உன்ர வீட்டை ஆர் பார்த்ததெண்டு நினைக்கிறாய்? என்ர தம்பியோ? அவனுக்கு விளக்குமாற்றை எந்தப் பக்கம் பிடிக்கிறதெண்டே தெரியாது. நான்தான் வந்து நிண்டனான். பின்னேரத்தில சாம்பிராணியும் போட்டனான். யன்னலைத் திறந்து, யன்னலடியில வைச்சுப் போட்டனான். பெடியனுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. நீ வர்ற அண்டு விடியத்தான் போனனான்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அப்பா குடிக்காத சுருட்டுக்கு ஏச்சு வாங்கியிருக்கிறார். ஏழு வயதில் நீயும் வாயைத் திறக்கவில்லை. எல்லாம் ஞாபகம் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த எனக்கு, என் வீட்டுக்குள் நடந்த மூன்று கிழமை தெரியாது. இதற்காக உன்மேல் ஒரு கோபம் வைத்திருக்கிறேன். சீக்கிரம் ஆறாது.

"தெரிஞ்சா ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ வந்து சொல்லுவாய் எண்டு பார்த்துக்கொண்டிருந்தனான். இவ்வளவு காலம் எடுப்பாய் எண்டு நினைக்கேல்லை. தேத்தண்ணி குடிக்கிறியே?"

குடித்தேன். இஞ்சி கூட. பிறகு அவவின் குளியலறையைக் கழுவிக் கொடுத்தேன், முழங்கால் நோவில் அவவால் குனிய ஏலாது. சவர்க்காரத் தண்ணீர் முதலில், மருந்து தலைதட்டின அளவில், கதவு விரியத் திறந்தபடி. பத்து நிமிஷம் ஈரமாக விட்டுவிட்டு இருவரும் பல்கனியில் நின்று கடலைப் பார்த்தோம். உன் மூக்கைக் கொண்டுவந்து வைத்தாலும் ஒன்றும் மணந்திருக்காது. எனக்கு மனது நிறைந்திருந்தது, மகன். இந்த வயதில் இதைவிட வேறென்ன வேண்டும்.

வியாழக்கிழமை இந்தக் கடிதத்தை உன் கூட்டத்தில் முழுக்க வாசி. களவு எடுத்ததையும் வாசி. சீலா அக்காவுக்கு இன்று போன் போட்டுக் கேட்டேன், அவவுக்குச் சம்மதம், ஆனால் இருமல் மூன்று மாதம் இல்லையாம், நாலு மாதமாம். திருத்திச் சொல். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா. மாமியும் வருகிறா, நான் முன்னறையைத் தண்ணீரால் மட்டும் துடைத்து வைப்பேன். மீன்தலை இரண்டு வாங்குகிறேன். மாமியைப் பற்றிய பகுதியை எல்லோருக்கும் முன்னால் வாசிக்கலாமா என்று அவவிடம் நேற்றே கேட்டேன். அடுத்த தெறியைத் தைத்து முடித்துவிட்டுத்தான் மறுமொழி சொன்னா. "வாசிக்கட்டும். ஆனா யன்னலைத் திறந்தது நான் எண்டு வடிவா எழுது."

எழுதிவிட்டேன்.

அம்மா